விழிப்புலன் குறைந்த பிள்ளைக்குப் பாடநூல் செய்வது: திருகோணமலையில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் ஒரு வீட்டு முன்விறாந்தையில் நாங்கள் ஆறு பேர் ஞாயிறு தோறும் கூடுகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், கணினி தெரிந்த இளைஞர்கள் மூவர், மேடான புள்ளிகளாலான பிறெயில் எழுத்தை விரலால் தடவி வாசிக்கும் அக்கா ஒருவர். அரச பாடநூல்களை விழிப்புலன் குறைந்த மாணவர் வாசிக்கக்கூடிய வடிவங்களுக்கு மாற்றிக் கொடுக்கிறோம். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி என்று நாலாபக்கத்திலிருந்தும் பெற்றோரும் ஆசிரியர்களும் போன் எடுக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே கிழமையில் ஆறாந்தடவையாக அதே பதிலைச் சொன்ன பிறகு, எழுதியே வைத்துவிடுவோம் என்று முடிவெடுத்தோம்.

மகளுக்குக் கண் கொஞ்சம் தெரியும். அவளுக்கும் பிறெயில் புத்தகம்தான் வேண்டுமா?

முதலில் அவளிடம் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் கூடியிருந்து வடிவத்தைத் தீர்மானித்துவிட்டுப் பிள்ளையின் கையில் திணித்த புத்தகங்கள் பல அலுமாரியில் தூங்குகின்றன.

நாங்கள் செய்வது இதுதான். பாடநூலின் ஒரு பக்கத்தை 14, 18, 24, 30 என்று நான்கு எழுத்து அளவுகளில் அச்சடித்துக் கொடுப்போம். எந்த அளவை வாசிக்க முடிகிறது என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பத்து நிமிடம் வாசித்த பிறகும் கழுத்து நோகாமல், கண் கலங்காமல் எந்த அளவில் தொடர முடிகிறது என்று பார்க்க வேண்டும். 18 புள்ளி அளவிலிருந்துதான் பேரெழுத்து என்று சொல்வது வழக்கம். ஆனால் ஒருத்திக்கு 18 போதும், இன்னொருத்திக்கு 28 தேவைப்படும்.

பலர் செய்யும் தவறு, பாடநூலை அப்படியே ஏ3 தாளில் பெருப்பித்துப் போட்டோ கொப்பி எடுப்பது. புத்தகம் மேசையை விட்டு வெளியே தொங்கும். நிறப் பின்னணியில் இருந்த பகுதிகள் சாம்பல் மூட்டமாகும். வரி நீண்டுபோவதால் பிள்ளை தலையை இடமும் வலமும் ஆட்டி வாசிக்கும். தாள் ஏ4 ஆகவே இருக்க, எழுத்து மட்டும் பெரிதாக, பாடத்தைத் திரும்பப் பக்கம் அமைப்பதே சரி. தடிப்பு ஒரேமாதிரியான எழுத்துரு, மினுக்கமில்லாத தாள், வரிகளுக்கிடையே தாராளமான வெளி, இவ்வளவும் போதும்.

பார்வை மேலும் குறையக்கூடும் என்று கண் வைத்தியர் சொல்லியிருந்தால், பேரெழுத்து நூலோடு பிறெயிலையும் இப்போதே தொடங்குங்கள். எட்டு வயது விரல் பழகும் வேகத்தில் பதினாறு வயது விரல் பழகாது.

இப்போது எல்லாம் போனில் பேசுகிறதே. பிறெயிலை ஏன் படிக்க வேண்டும்?

நம் பேச்சில் "பழம்" என்பதும் "பளம்" என்பதும் காதுக்கு ஒன்றுதான். "அரை", "அறை" அப்படியே. கேட்டு மட்டும் படித்த பிள்ளை பத்தாம் தரத்துக்கு வரும்போது பாடம் எல்லாம் தெரியும், எழுத்துக்கூட்டத் தெரியாது. ல, ள, ழ எது எங்கே வரும் என்பது விரலில் பட்டால்தான் மனதில் பதியும். கணக்கும் அப்படி. ஒரு சமன்பாட்டைக் கேட்டு நினைவில் வைத்துத் தீர்த்துப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்றும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்ததல்லவா? போன் எல்லாம் செத்துக் கிடந்த அந்த இரவுகளில், எங்கள் அக்கா இருட்டில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தார். விளக்குத் தேடி அலைந்தவர்கள் நாங்கள்தான்.

பாடநூல்களின் பிடிஎப் இணையத்தில் இருக்கிறதே. அதைப் போனில் போட்டால் வாசிக்காதா?

1980 முதல் இலவசமாக வழங்கப்படும் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் இணையத்தளத்திலும் வைத்திருக்கிறது. அது பெரிய உதவி. ஆனால் பிடிஎப் என்பது பொதுவாக அச்சடிக்கச் செய்யப்படுவது. கண்ணுக்குத் தெரிவது ஒன்று, கணினிக்குள் இருப்பது இன்னொன்று.

பாமினி எழுத்துருவை அறியாத இலங்கைத் தமிழர் குறைவு. கலியாண அழைப்பிதழிலிருந்து மரண அறிவித்தல் வரை அதில்தான் ஓடியது. அதற்குள்ளே தமிழே இல்லை. ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டிய வேலை அது. "கடல்" என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே எஃப், எல், வை, ஓர் அரைப்புள்ளி. திரையிலுள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பு மென்பொருள் அதை ஆங்கிலச் சொல்லாக நினைத்து "ஃப்ளை" என்று வாசித்துவிட்டுப் போகும். கடலைப் பற்றிய பாடத்தில் பிள்ளைக்குக் கேட்பது ஈயைப் பற்றி! "அம்மா" இதைவிட மோசம்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

ஆகவே முதல் வேலை, கிடைத்த பைலில் ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பார்ப்பது. தமிழாகவே விழுந்தால் அது யுனிகோட், அதாவது உள்ளேயும் தமிழாகவே இருக்கும் எழுத்து. உங்கள் அதிர்ஷ்டம். ஆங்கிலக் குப்பையாக விழுந்தால் அதை யுனிகோட்டாக்கும் "மாற்றி" என்ற மென்பொருளில் போட வேண்டும். எதுவுமே பிரதியாகாவிட்டால் பக்கம் முழுவதும் படம். கூகுள் டிரைவிலோ டெசரக்ட் என்ற இலவச மென்பொருளிலோ, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரியால் வாசிக்கவிட வேண்டும்.

மாற்றியில் போட்ட பிறகு வேலை முடிந்ததுதானே?

அங்கேதான் தொடங்குகிறது. கண்ணால் திருத்தியவர் "சரி" என்று விட்டதை விரல் பிடித்துவிடும் என்பதற்கு எங்களிடம் இருக்கும் நல்ல உதாரணம் ஔவையார்.

"ஔ" என்பது ஓரெழுத்து. ஆனால் தட்டச்சுச் செய்பவர்கள் பலர் "ஒ" வையும் "ள" வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அச்சில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பிறெயிலில் "ஔ" வுக்கு 2, 4, 6 ஆம் புள்ளிகள் கொண்ட ஒரே கட்டம் (கட்டம் என்பது ஆறு புள்ளிகளுக்கு இடமுள்ள சிறு பெட்டி). பிழையாகத் தட்டியது இரண்டு கட்டங்களாகி "ஒ-ள-வை" என்று விரலில் படும். திரைவாசிப்பானும் அப்படியே உச்சரிக்கும். "கௌரவம்", "பௌர்ணமி" எல்லாம் இந்தப் பொறியில் விழுகின்றன. நாங்கள் எந்த நூலை எடுத்தாலும் முதலில் தேடுவது இதைத்தான்.

எழுத்துணரி செய்யும் பிழைகள் வேறு மாதிரி. துணைக்காலை "ர" என்று எடுக்கும். புள்ளியைத் தூசு என்று நினைத்து விட்டுவிடும். "ண", "ன" மாறும். பக்க ஓரத்திலிருந்த பெட்டிச் செய்தியைப் பந்தியின் நடுவே செருகிவிடும். இவற்றைப் பிடிக்க மூல நூலை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். குறுக்குவழி எதுவும் நாங்கள் கண்டதில்லை.

தமிழ் பிறெயில் எப்படி இயங்குகிறது? ஆங்கிலத்தினதும் தமிழினதும் ஒன்றா?

லூயி பிறெயில் 1829 இல் வெளியிட்ட அதே ஆறு புள்ளிக் கட்டம்தான். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் வரும். 1951 அளவில் இந்தப் பிராந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஒலியை வைத்துப் பாரதி பிறெயில் என்ற முறை வகுக்கப்பட்டது. தமிழ் பிறெயில் அதைச் சேர்ந்தது. "அ" வுக்கு 1 ஆம் புள்ளி மட்டும். "க" வுக்கு 1, 3. "ம" வுக்கு 1, 3, 4.

அழகான விடயம் உயிர்மெய்யில் இருக்கிறது. "கெ" என்று எழுதும்போது கொம்பை முன்னால் போட்டுவிட்டுப் பின்னால் "க" போடுகிறோம். "கொ" என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பிறெயிலில் அந்தச் சுற்றெல்லாம் இல்லை. "க" வுக்குப் பிறகு "எ", "க" வுக்குப் பிறகு "ஒ", அவ்வளவுதான். தொல்காப்பியர் சொன்ன மெய்யும் உயிரும் சேர்வது விரலுக்கு நேராகவே கிடைக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கு மட்டும் 4 ஆம் புள்ளியை எழுத்துக்கு முன்னால் வைக்க வேண்டும்.

இதனால் சொல் நீளும். "அம்மா" அச்சில் மூன்றெழுத்து, பிறெயிலில் ஐந்து கட்டங்கள். "கொட்டியாரம்" அச்சில் ஆறு, பிறெயிலில் பதினொன்று.

அப்படியானால் ஒரு பாடநூல் எவ்வளவு பெரிதாகும்?

வழக்கமான பெரிய பிறெயில் தாளில் வரிக்கு 40 கட்டங்கள், பக்கத்துக்கு 25 வரிகள். ஆக 1,000 கட்டங்கள், இடைவெளியும் அதற்குள்தான். பாடநூலின் ஒரு பக்கத்தில் 200 சொற்கள் இருந்து, இடைவெளியோடு சொல்லுக்கு 9 கட்டங்கள் என்று வைத்தால் 1,800. தலைப்பு, பக்க எண், பயிற்சி எல்லாம் சேர இரண்டு பக்கங்களைத் தாண்டும். 180 பக்கப் பாடநூல் 360 பக்கங்களுக்கு மேல் வரும். இரு புறமும் அழுத்தினாலும் 180 தடித்த தாள்கள். நாங்கள் மூன்று பாகங்களாகக் கட்டுகிறோம். ஒரே பாகமாகக் கட்டி ஒரு தடவை கொடுத்தோம். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை அதை மடியில் வைக்கவும் முடியாமல், மேலே வைக்கவும் மனமில்லாமல் பட்ட பாடு போதும்.

பாகம் பிரிக்கும்போது பாடத்தின் நடுவில் வெட்டாதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் அச்சு நூலின் எந்தப் பக்கத்திலிருந்து எதுவரை என்று இருக்கட்டும்.

அச்சு நூலின் பக்க எண்ணைப் பிறெயிலில் ஏன் போட வேண்டும்?

வகுப்பில் ரீச்சர் "நாற்பத்தேழாம் பக்கத்தை எடுங்கோ" என்று சொல்லும்போது இந்தப் பிள்ளையும் எடுக்க வேண்டும். வேறு காரணம் தேவையில்லை. ஒலிநூலுக்கும் ஈபப் என்ற மின்னூல் பைலுக்கும் இதே விதிதான்.

படங்களை என்ன செய்வது?

அதிக நேரம் எடுப்பது இதுதான். நாங்கள் படங்களை மூன்றாகப் பிரிக்கிறோம். அலங்காரத்துக்கு வைத்த படம்: விட்டுவிடுவோம். பாடத்தைச் சொல்லும் படம்: சொற்களில் விபரிப்போம். தொட்டுப் பார்த்தால்தான் விளங்கும் படம்: தடவிப் பார்க்கும் படமாகச் செய்வோம்.

விபரிக்கும்போது முதலில் என்ன வகைப் படம், பிறகு முழுத்தோற்றம், பிறகு பகுதிகள். உதாரணமாகக் கோணேசர் கோயிலின் புகைப்படம் என்றால் "அழகிய கோயில்" என்று எழுதி ஒரு பயனும் இல்லை. "புகைப்படம். கடலிலிருந்து எடுக்கப்பட்டது. செங்குத்தான பாறைமலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அதன் உச்சியில் கோயில்" என்றால் பிள்ளை சுவாமி மலையின் உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று வசனங்கள் போதும். அழகா இல்லையா என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யட்டும்.

படத்திலேயே கேள்வி இருந்தால் கவனம். "படத்திலுள்ள பூச்சி எது?" என்று கேட்டிருக்க, விபரிப்பில் "தும்பியின் படம்" என்று எழுதிவிட்டால் விடையைக் கொடுத்தாயிற்று. நான்கு ஒளிபுகும் சிறகுகள், நீண்ட மெல்லிய வயிறு, தலையை மூடும் பெரிய கண்கள் என்று எழுதுங்கள். உயிரியல் ஆசிரியரிடம் காட்டாமல் இப்படிப்பட்டதை முடிக்காதீர்கள். நாங்கள் ஒரு தடவை விடையை வெளியே விட்டு மாட்டிக்கொண்டோம்.

வரைபடம்?

ஒரே தாளில் எல்லாவற்றையும் வைக்க ஆசைப்படாதீர்கள். கண் ஒரே பார்வையில் பிரித்துக்கொள்வதை விரல் ஒவ்வொன்றாகத்தான் அறியும். திருகோணமலைத் துறைமுகத்தைச் செய்த கதையைச் சொல்கிறேன். முதல் தாளில் நிலமும் நீரும் மட்டும். நிலத்துக்கு மணல்தாள் ஒட்டினோம், கடல் வழவழப்பான தாளாகவே இருந்தது. கரையோரத்துக்குத் தடித்த நூல். பிள்ளை விரலால் கொட்டியாரக் குடாவைச் சுற்றி வந்து, "இவ்வளவு உள்ளுக்குப் போகுதா கடல்?" என்று கேட்டான். நகரத்தில் பிறந்து வளர்ந்தவன். இரண்டாம் தாளில் இடங்கள்: வடக்கே நகரம், தெற்கே மூதூர், மேற்கே கிண்ணியா, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான், பக்கத்தில் இரண்டெழுத்துப் பிறெயில் குறி. மூன்றாம் தாளில் மகாவலி, அது குடாவில் விழும் இடம், கிண்ணியாப் பாலம். 2009 இல் திறந்த அந்த 396 மீற்றர்ப் பாலத்துக்கு ஓர் ஈர்க்குத் துண்டு.

ஈர்க்கு, நூல், பொத்தான், மணல்தாள், பசை. கடற்கரை மணலை ஒட்டிப் பார்த்தோம், விரலோடு உதிர்ந்து வந்தது, விட்டுவிட்டோம். சூட்டில் பொங்கும் விசேட தாளும் அதற்கான இயந்திரமும் உண்டு, கிடைத்தால் நல்லது. கோடுகள் மிக நெருங்கினால் இரண்டும் ஒன்றாகப் படும், ஆகவே சில மில்லிமீற்றர் வெளி விடுங்கள்.

"கீறிட்ட இடத்தை நிரப்புக", "தொடர்புபடுத்துக" போன்ற பயிற்சிகள் எப்படி?

கீறிட்ட இடத்தில் பன்னிரண்டு கீழ்க்கோடுகள் இருந்தால் சில திரைவாசிப்பான்கள் பன்னிரண்டையும் எண்ணிச் சொல்லும். பிள்ளை கேள்வியை மறந்துவிடும். அந்த இடத்தில் "வெற்றிடம்" என்ற சொல்லை வைத்து, முன்னுரையில் ஒரு தரம் விளக்குங்கள். தொடர்புபடுத்தும் கேள்வியில் இடப்பக்கப் பட்டியலை 1, 2, 3 என்றும் வலப்பக்கத்தை அ, ஆ, இ என்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். "சிவப்பில் உள்ள சொற்களை" என்றிருந்தால் அந்தச் சொற்களுக்கு ஒரு குறி வேண்டும். அட்டவணையை ஆறு நிரல்களோடு அப்படியே விடாமல், வேர்டில் முதல் வரியைத் தலைப்பு வரி என்று குறித்துவிடுங்கள்.

வேர்டைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடலாம். தலைப்பை எழுத்தைத் தடிப்பாக்கிக் காட்டாதீர்கள். தலைப்பு 1, தலைப்பு 2 என்ற பாணிகளைக் கொடுங்கள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் எச் விசையை அழுத்த அழுத்த அடுத்த தலைப்புக்குப் போகும் வசதி அப்போதுதான் வேலை செய்யும். பாணி கொடுத்த ஒரே பைலிலிருந்து பேரெழுத்து, பிறெயில், ஈபப், டெய்சி நூல் (தலைப்புக்கும் பக்கத்துக்கும் தாவக்கூடிய ஒலிநூல்) எல்லாவற்றையும் எடுக்கலாம். எங்கள் வேலையில் முக்கால்வாசி இந்த ஒரு பைலைச் சுத்தமாக்குவதுதான். மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்: பிறெயிலுக்கு இலவசமாக லிப்லூயி, காசு கொடுத்தால் டக்ஸ்பரி, ஈபப்புக்கு டெய்சி கூட்டமைப்பின் வேர்ட்டூஈபப்.

கணிதம்?

சமன்பாட்டைப் படமாக ஒட்டாதீர்கள். வேர்டின் சமன்பாட்டுக் கருவியில் தட்டுங்கள். பிறெயிலில் எந்தக் கணிதக் குறியீட்டு முறை என்பதைப் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆசிரியரிடம் கேட்டபிறகே தொடங்குங்கள். அவர் ஒன்றும் நீங்கள் ஒன்றுமாகப் போனால் பிள்ளைக்குத்தான் தலையிடி.

இஸ்லாம் பாடநூலில் அரபு வசனங்கள் வருகின்றன. அரபு வலமிருந்து இடமாயிற்றே?

மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் கட்டாயம் வரும் கேள்வி. அரபு பிறெயில் இடமிருந்து வலமாகத்தான் வாசிக்கப்படுகிறது, தமிழ் பிறெயிலைப் போல. ஆகவே ஒரே வரியில் இரண்டும் வந்தாலும் விரல் திரும்பத் தேவையில்லை. சிக்கல் வேறிடத்தில்: மென்பொருளுக்கு எது அரபு, எது தமிழ் என்று மொழிக்குறி கொடுக்காவிட்டால் எல்லாவற்றையும் தமிழ் பிறெயில் அட்டவணையிலேயே மாற்றப் பார்க்கும். குர்ஆன் வசனம் வரும் இடங்களை அரபு பிறெயில் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்கு விடுவதில்லை என்பது எங்கள் கட்டுப்பாடு.

இரண்டாம் மொழிச் சிங்களத்தில் ஒரு நன்மை. சிங்கள பிறெயிலும் அதே பாரதிக் குடும்பம். க, ம, ல, ர, ப எல்லாம் இரண்டிலும் ஒரே புள்ளிகள். அச்சில் சிங்கள எழுத்தைக் கண்டு மலைக்கும் பிள்ளைகளைவிட இவர்கள் முன்னாலே போய்விடுகிறார்கள்.

குரலில் பதிவுசெய்து தரலாமா? இயந்திரக் குரல் போதுமா?

இரண்டுக்கும் இடம் உண்டு. வரலாறு, விஞ்ஞானம் போன்றவற்றுக்கு இயந்திரக் குரல் போதும். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறார்கள், பக்கத்தில் நிற்கும் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. கவிதைக்கும் நாடகத்துக்கும் மனிதக் குரலே வேண்டும். சந்தி பிரிக்கத் தெரியாத குரலில் திருக்குறளைக் கேட்பது தண்டனை. "க.பொ.த.", "கி.மு." போன்ற சுருக்கங்களையும் திகதிகளையும் இயந்திரம் எப்படி வாசிக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பதிவுசெய்வதானால் டெய்சி கூட்டமைப்பின் ஓபி என்ற இலவச மென்பொருளில் தலைப்பும் பக்க எண்ணும் வைத்துப் பதியலாம். ஒரே நீண்ட எம்பி3 பைலாகத் தந்தால் நாற்பத்தேழாம் பக்கத்தைத் தேடப் பிள்ளைக்கு அரைமணி போகும். நடுச்சாமம் தாண்டிப் பதிவுசெய்யுங்கள். பகலில் காகம், முச்சக்கரவண்டி, கோயில் மணி, பாங்கொலி, மீன்காரரின் ஹோர்ன் எல்லாம் புத்தகத்துக்குள் வந்துவிடும். எங்கள் பழைய பதிவொன்றில் தாவரங்களின் ஒளித்தொகுப்புக்கு நடுவே "சூடை, சாளை" கேட்கிறது. அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுதான் நன்றாக நினைவிருக்கிறது.

புத்தகத்தைப் போனால் படம் எடுத்தால் வாசித்துக்காட்டும் செயலிகள் இருக்கின்றனவே?

அறிவித்தல், மருந்துப் பெட்டி, பஸ் பெயர்ப்பலகை, இவற்றுக்கு அருமை. பாடநூலுக்குப் போதாது. பத்தியின் ஒழுங்கு குழம்பும், தலைப்புக்குத் தாவ முடியாது. செயற்கை நுண்ணறிவு தரும் பட விபரிப்பை முதல் வரைவாக நாங்களும் எடுக்கிறோம். ஆனால் தெரியாததையும் தெரிந்ததுபோல அடித்துச் சொல்லும். நூலைப் பார்த்துத் திருத்தாமல் விடக்கூடாது.

பாடநூலை நாமே மாற்றிப் பிரதி எடுப்பது சட்டப்படி சரியா?

மரகேஷ் உடன்படிக்கை என்று ஒன்று 2013 இல் செய்யப்பட்டது. அச்சை வாசிக்க முடியாதோருக்கு, ஒவ்வொரு தடவையும் உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திராமல் நூலை மாற்றிக் கொடுக்க நாடுகள் சட்டத்தில் இடம்வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இலங்கை 2016 இல் அதில் சேர்ந்தது. அதே ஆண்டில்தான் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் உறுதிப்படுத்தியது. இந்தச் சலுகை பிள்ளைக்கானது. செய்த பைலை வட்ஸ்அப் குழுவில் ஊருக்கெல்லாம் அனுப்பினால் அது வேறு கதை.

எப்படியிருந்தாலும் பாடசாலை அதிபர் ஊடாக ஒரு கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு செய்வதே நிம்மதி. துணைநூல், கதைநூல் என்றால் எழுத்தாளரையே கேளுங்கள். நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் மூல பைலையே தந்துவிடுகிறார்கள், பாமினியில்தான்.

ஏற்கனவே யாராவது செய்த நூல்கள் கிடைக்காதா?

தொடங்குமுன் தேட வேண்டும். டெய்சி லங்கா நிறுவனம் இலங்கைப் பாடநூல்களில் வேலை செய்திருக்கிறது. சுன்னாகத்தில் விழிப்புலன் குறைந்தோருக்கான வாழ்வகம் இருக்கிறது. இந்தியாவின் சுகம்ய புஸ்தகாலயா, அமெரிக்காவிலிருந்து இயங்கும் புக்ஷெயார் ஆகிய இணைய நூலகங்களில் தமிழ் நூல்கள் உண்டு. ஆனால் நம் பாடநூலை அங்கே தேடிப் பயனில்லை, தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் வேறு. கதைகளுக்கும் பொது வாசிப்புக்கும் அவை நல்ல இடம். ஒரே தர நூலை மூன்று ஊரில் மூன்று குழு தனித்தனியே தட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாரி காலத்தில் பிறெயில் புத்தகத்தை எப்படிப் பாதுகாப்பது?

புத்தகங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். பாரத்தில் புள்ளி அமுங்கும். ஈரப்பதத்தில் தாள் இளகினால் இன்னும் கெதியாக அமுங்கும். வாடைக்காற்று தொடங்கி மழை விடாமல் பெய்யும் மாதங்களில் புதுத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைத்து, தேவையான அளவை மட்டும் வெளியே எடுக்கிறோம். ஈரம் குடித்த தாள் பிறெயில் அச்சுப்பொறியில் சிக்கிக்கொள்ளும். பெரிய அச்சு வேலைகளைக் கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களுக்கு ஒதுக்குவது எங்கள் வழக்கம். அப்போது வெக்கை தாங்காது, ஆனால் தாள் நன்றாக ஓடும்.

பரீட்சையில் என்ன செய்வது?

க.பொ.த. பரீட்சைகளுக்கு விழிப்புலன் குறைந்த பரீட்சார்த்திகளுக்கான விசேட ஏற்பாடுகளைப் பாடசாலை மூலம் முன்கூட்டியே பரீட்சைத் திணைக்களத்திடம் கோர வேண்டும். விண்ணப்பம் நிரப்பும் நாளிலேயே அதிபரோடு பேசுங்கள். பிள்ளை எந்த வடிவத்தில் ஆண்டு முழுவதும் படித்ததோ அந்த வடிவத்தையே கேளுங்கள்.

எனக்குப் பிறெயில் தெரியாது. உதவிக்கு வரலாமா?

வாருங்கள். தட்டச்சு, பட விபரிப்பு, தாள் வெட்டுவது, நூல் கட்டுவது, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். ஆனால் எல்லாரும் கடைசியில் இருக்கும் வேலை ஒன்றுண்டு. அக்கா பிறெயில் பிரதியை விரலால் வாசித்துச் சொல்லச் சொல்ல, நாங்கள் அச்சு நூலில் விரல் வைத்துப் பின்தொடர்வோம். அவர் நிறுத்தினால் பிழை. சில நேரம் எங்கள் பிழை, சில நேரம் பாடநூலிலேயே பிழை. அச்சில் ஆண்டுக்கணக்காக யாரும் காணாத எழுத்துப் பிழைகளையும் அவர் பிடித்திருக்கிறார்.

வரும்போது ஒரு பென்சிலும் கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியும் கொண்டு வாருங்கள். தரம் 8 புவியியல் இப்போது 63 ஆம் பக்கத்தில் நிற்கிறது.